பனித்தீவின் பலநிறக் குதிரைகள்

ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் ஹ்ராஃப்ன்கெல் என்ற தலைவனின் சாகா பெயர்பெற்றது. 13ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கு வந்த கதை. நடப்பதோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால். ஹ்ராஃப்ன்கெல் தன் உடைமைகள் எல்லாவற்றிலும் உயர்வாக ஒரு குதிரையை மதித்தான். அதன் பெயர் ஃப்ரேஃபாக்ஸி. அதில் பாதியை ஃப்ரேயர் என்ற தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டிருந்தான். தன்னைக் கேளாமல் அதன்மேல் ஏறுகிறவனைக் கொல்வேன் என்று சபதமும் செய்திருந்தான். காணாமற்போன ஆடுகளைத் தேடிப் போன இடையன் ஒருவன் வேறு குதிரை பிடிபடாமல் அதில் ஏறினான். கொல்லப்பட்டான். பழியும் வழக்கும் அங்கிருந்து தொடங்குகின்றன.

சாகா எழுதியவர்கள் வர்ணனையில் மிகச் சிக்கனமானவர்கள். மனிதர்களின் முகத்தைக்கூடப் பல இடங்களில் சொல்லாமலே கதையை நகர்த்திவிடுவார்கள். ஆனால் ஃப்ரேஃபாக்ஸியின் நிறத்தைச் சொல்லத் தவறவில்லை: கருமை ஏறிய எலிச்சாம்பல் உடல், முதுகு நெடுகக் கரிய கோடு. இன்றைய மரபியலாளர் ஒருவருக்கு இந்தக் குறிப்பு போதும். அந்தக் குதிரையின் உடலில் கருநிறமி உருவாகியது, அது உடல் முழுக்கப் பரவியது, அதை வெளிறச் செய்யும் ஒரு பழைய மரபணு விழித்திருந்தது என்று மூன்று மரபணுக்களின் நிலையை அவர் சொல்லிவிடுவார். அதே நிறக் குதிரைகள் இன்றும் அந்தத் தீவில் மேய்கின்றன. வேறு பல நிறக் குதிரைகளும் கூடவே மேய்கின்றன. இந்தக் கட்டுரை அந்தப் பன்மையைப் பற்றியது.

ஐஸ்லாந்தில் மனிதர்கள் நிலையாகக் குடியேறியது கி.பி. 870க்குப் பிறகு. நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் திறந்த மரக்கலங்களில் கடல் கடந்தவர்கள், இடம் கொண்ட அளவுக்குக் குதிரைகளையும் ஏற்றி வந்தார்கள். ஆல்திங் என்ற அவர்களது மக்கள் சபை கி.பி. 982இல் வெளிக் குதிரைகளுக்குத் தடை விதித்தது என்று சொல்வது வழக்கம். அந்தச் சட்டத்தின் வரலாறு எப்படியாயினும், ஆயிரம் ஆண்டுகளாக வெளி ரத்தம் அங்கே அநேகமாகக் கலக்கவே இல்லை. இன்றைய சட்டமோ மிகக் கடுமையானது. எந்த வெளிக் குதிரையும் தீவுக்குள் வரக்கூடாது. போட்டிக்காகவோ விற்பனைக்காகவோ வெளியே போன ஐஸ்லாந்துக் குதிரையும் மறுபடி தாய்நாடு திரும்ப முடியாது.

சிறு தொகையாக வந்து, கதவடைக்கப்பட்டு, தமக்குள்ளேயே பெருகிய விலங்குகள் காலப்போக்கில் ஒரே சாயலுக்கு வந்துவிடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். கடலுக்கு அப்பால் நார்வேயில் இருக்கும் ஃப்யோர்டு குதிரைகள் கிட்டத்தட்ட எல்லாமே வெளிறிய நிறமும் முதுகுக் கோடும் கொண்டவை. ஒன்றைப் பார்த்தால் இனத்தையே பார்த்தது மாதிரி. ஐஸ்லாந்தில் நடந்தது நேர்மாறு. முதன்மை நிறங்கள் 40க்கு மேல், அவற்றின் உள்வகைகளைச் சேர்த்தால் 100க்கும் மேல் என்று குதிரை வளர்ப்போர் கணக்குச் சொல்கிறார்கள். செவலை, கருப்பு, பொன், சாம்பல், வெள்ளி, திட்டு, கலப்பு எல்லாம் ஒரே மந்தையில் உண்டு. சிறுத்தைப் புள்ளி போட்ட குதிரை மட்டும் அங்கே இல்லை. அந்த மரபணு அந்தக் கப்பல்களில் ஏறவில்லை அல்லது வழியிலேயே அற்றுப்போனது.

நிறத்துக்குப் போகுமுன் அது போர்த்தியிருக்கும் உடலைப் பார்த்துவிடலாம். தோள் உயரம் பெரும்பாலும் 132 முதல் 142 செ.மீ.; எடை 330 முதல் 380 கிலோ. பன்னாட்டுப் போட்டி விதிப்படி 148 செ.மீ.க்குக் கீழே உள்ளதெல்லாம் போனி. ஆனால் ஐஸ்லாந்துக்காரர் அதைக் குதிரை என்றேதான் சொல்வார்கள். அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல உயரமான ஆளைச் சுமந்துகொண்டு எரிமலைக் கற்பாழிலும் பனியாற்று ஓடைகளிலும் நாள் முழுக்க நடக்கிற விலங்கு அது. 20ஆம் நூற்றாண்டு வரை அங்கே வண்டிப் பாதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பிணம் கல்லறைக்குப் போனதும் மருத்துவச்சி பிள்ளைப்பேற்றுக்கு வந்ததும் குதிரை முதுகில்தான்.

தலை நேர்க்கோட்டில் இறங்கும். கழுத்து குட்டை, தசைப்பிடிப்பானது. மார்பு அகலம். பின்புறம் அகன்று சற்றே சரிந்திருக்கும். கால்கள் குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும். பிடரி மயிரும் வாலும் அடர்ந்து தொங்கும். பனிக்காற்று வீசும்போது குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும், அப்போது அந்த வால்தான் மென்மையான பகுதிகளை மறைக்கும். குளிர்காலத்தில் உடலில் இரண்டு அடுக்கு மயிர் வளர்கிறது: நீரை வழியவிடும் நீண்ட மேல்மயிர், சூட்டைப் பிடித்துவைக்கும் பஞ்சு போன்ற உள்மயிர். முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடக்கிறதென்றால், உள்ளே இருக்கும் சூடு வெளியேறவில்லை என்று பொருள். மயிர் வளர்வதையும் உதிர்வதையும் முடிவுசெய்வது குளிரைவிடப் பகலின் நீளம். ரெய்க்யவிக்கில் டிசம்பர்ப் பகல் சுமார் 4 மணி நேரம், ஜூன் பகல் 21 மணி நேரம். கண் வழியே அந்த ஒளிக்கணக்கு மூளைக்குப் போய் ஹார்மோன்களை மாற்றுகிறது.

இதனால் ஒரே குதிரை ஜனவரியிலும் ஜூலையிலும் வேறு வேறு நிறமாகத் தோன்றுவது இயல்பு. புகைப்படத்தை மட்டும் பார்த்து நிறம் சொல்லக்கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

குதிரை மயிருக்கு நிறமிகள் இரண்டே இரண்டு. யூமெலனின் என்கிற கருநிறமி, ஃபியோமெலனின் என்கிற செந்நிறமி. எல்லா நிறங்களும் இந்த இரண்டின் அளவு, இடம், இல்லாமை ஆகியவற்றால் வருபவை. நிறமிச் செல்லின் மேற்புறத்தில் எம்சி1ஆர் என்றொரு ஏற்பி இருக்கிறது. அது வேலை செய்தால் கருநிறமி உருவாகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் பழுதானால் செந்நிறமி மட்டுமே மிஞ்சும், குதிரை செவலை. இதற்குக் காரணமான ஓரெழுத்து மாற்றத்தை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1996இல் கண்டார்கள். அடுத்தது அகூட்டி மரபணு. கருநிறமியைப் பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி என ஓரங்களுக்கு ஒதுக்குவது இதன் வேலை. அப்படி ஒதுக்கினால் பழுப்பு உடலும் கரிய பிடரியுமான குதிரை கிடைக்கும். இந்த மரபணுவில் 11 எழுத்துகள் அறுந்து, அந்தப் பழுது இரு பிரதியிலும் சேர்ந்தால் கருமையைத் தடுக்க ஆளில்லை. உடல் முழுக்கக் கருப்பு. செவலை, பழுப்பு, கருப்பு. இந்த மூன்றும்தான் அடித்தளம். மற்றவையெல்லாம் இதன்மேல் நடக்கும் மாறுதல்கள்.

அவற்றுள் பழமையானது ஃப்ரேஃபாக்ஸியின் நிறம். ஆங்கிலேயர் டன் என்பார்கள். உடல் வெளிறி, முதுகுக் கோடு மட்டும் அடர்ந்து, சிலவற்றில் கால்களில் வரிகளும் தோளில் குறுக்குக் கீற்றும் தெரியும். மங்கோலியாவின் ஷெவால்ஸ்கி காட்டுக் குதிரைகள் எல்லாம் இந்த நிறம். பனியுகக் குகை ஓவியங்களிலும் இதைக் காண்கிறோம். குதிரை என்ற விலங்குக்கு இயற்கை தந்த நிறம் இதுவே. செவலையும் கருப்பும் பிற்பாடு வந்தவை.

இது எப்படி உண்டாகிறது என்பதை 2016இல் ஒரு கூட்டு ஆய்வு விளக்கியது. அதில் முன்னின்றவர் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஃப்ரேயா இம்ஸ்லாண்ட். ஆய்வு நடந்தது ஸ்வீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சனின் குழுவில். அவர்கள் மயிரைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உடலின் வெளிறிய பகுதியில் ஒவ்வொரு மயிரிலும் நிறமி ஒரு பக்கத்தில் மட்டுமே படிந்திருந்தது, மறுபக்கம் வெறுமை. கோட்டுப் பகுதியிலிருந்து எடுத்த மயிரிலோ எல்லாப் பக்கமும் நிறமி. தொலைவில் நின்று நாம் வெளிறிய நிறம் என்று காண்பது, உண்மையில் பாதி நிறமேறிய லட்சக்கணக்கான மயிர்கள். இதை ஆள்வது டிபிஎக்ஸ்3 என்ற மரபணு. மனிதர்களில் இது பழுதானால் கை எலும்பும் பால்சுரப்பியும் சரியாக வளராது என்று மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். அதே மரபணு மயிர் வேரின் எந்தப் பக்கத்தில் நிறமிச் செல்கள் நிற்கலாம் என்பதையும் முடிவுசெய்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

டிபிஎக்ஸ்3 மயிர் வேரில் செயலிழந்தால் குதிரையின் நிறம் அடர்ந்துவிடும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் 1,609 எழுத்துகள் கொண்ட துண்டு காணாமற்போயிருக்கிறது. முதுகுக் கோடும் மறைந்துவிடுகிறது. மற்றதில் கோடு மங்கலாக எஞ்சலாம். சைபீரியாவில் கிடைத்த, ஏறத்தாழ 43,000 ஆண்டு பழைய குதிரையின் டி.என்.ஏ.வில் மூல நிறத்துக்கான வடிவமும் இந்த மங்கல் கோட்டு வடிவமும் இரண்டும் இருந்தன. மனிதன் குதிரையைப் பழக்கியது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான். ஆகவே நிறப் பன்மையெல்லாம் மனிதன் வளர்த்ததால் வந்தது என்ற பழைய கருத்து இங்கே அடிபடுகிறது. காட்டிலேயே வேறுபாடு தொடங்கிவிட்டது.

மரபணுக்களைத் தொட்டுப் பார்க்கும் கருவிகள் வருவதற்கு முன்பே இந்தத் தீவில் நிற மரபியலை வளர்த்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். ஸ்டெஃபான் அதால்ஸ்டெய்ன்சன் ஆடுகளின் நிறத்தில் தொடங்கிக் குதிரைக்கு வந்தவர். பொன்னிறக் குதிரைகளின் பரம்பரை பற்றி 1974இலும், முதுகுக் கோட்டுக் குதிரைகள் பற்றி 1978இலும் ஆய்வுகளை வெளியிட்டார். அவர் கையிலிருந்தவை தாய், தந்தை, குட்டி என்று நிறம் குறித்துவைத்த வம்சாவளிப் பதிவுகள்தான். பொன்னிறத்துக்குக் காரணமான மரபணு ஒரு பிரதி இருந்தால் செவலை பொன்னாகும், வாலும் பிடரியும் வெளுக்கும். இரண்டு பிரதி சேர்ந்தால் குதிரை முழுவதும் வெளிறிக் கண்ணும் நீலமாகும். இதனால் இரண்டு பொன்னிறக் குதிரைகளைச் சேர்த்தால் எல்லாக் குட்டியும் பொன்னாகப் பிறக்காது. சராசரியில் பாதிதான் பொன், கால் பங்கு செவலை, கால் பங்கு வெண்மை. பின்னாளில் மூலக்கூறு ஆய்வு இந்த மரபணுவில் ஓரெழுத்து மாற்றத்தைக் கண்டுபிடித்தபோது பரம்பரைக் கணக்கு அப்படியே பொருந்தியது. கவனமாக எழுதிவைத்த ஒரு பதிவேடு எத்தனை பெரிய ஆய்வுக்கருவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வெள்ளி நிறம் வேறு வழி. கருங்குதிரை ஒன்றுக்கு இந்த மரபணு மாற்றம் வாய்த்தால் உடல் சாக்லேட் பழுப்பாகும், பிடரியும் வாலும் வெள்ளியாக மினுங்கும். கண்ணுக்கு இதைவிட அழகான குதிரை அரிது. பிமெல் என்ற புரதம் நிறமிச் செல்லின் உள்ளே நுண்ணிழைகளை அமைக்கும். கருநிறமி அவற்றின்மேல்தான் படியும். அந்தப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியதால் கருநிறமி சரிவரப் படிவதில்லை. செந்நிறமிக்கு அந்த இழை தேவையில்லை. ஆகவே செவலைக் குதிரை வெள்ளி மரபணுவைச் சுமந்துகொண்டிருந்தாலும் வெளியே அடையாளமே தெரியாது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அதே மாற்றம் கண்ணையும் தொடுகிறது. ஒரு பிரதி மட்டும் இருந்தால் கண்ணுக்குள் நீர்ப்பைகள் உண்டாகலாம். பெரும்பாலும் பார்வைக்குப் பெரிய கேடில்லை. இரண்டு பிரதிகள் சேர்ந்தால் கருவிழி புடைத்தல், கண்பாப்பா ஒளிக்கேற்பச் சரியாக இயங்காமை, வில்லை இடம்பெயர்தல் எனப் பல குறைகள் பிறவியிலேயே வரும். ஐஸ்லாந்துக் குதிரைகளிலும் இது இருப்பதை 2011இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. எனவே இரண்டு வெள்ளிக் குதிரைகளை இணைசேர்ப்பது தவறு. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வெள்ளி வம்சத்தில் வந்த செவலை என்றாலும், பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய சில மயிர்களைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அழகான குட்டி வேண்டும் என்பதற்காக அதன் கண்ணைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

வெண்மைக்கு வருவோம். நெற்றிச்சுட்டி, மூக்குவரை இறங்கும் வெள்ளைப் பட்டை, வெண்கால்கள், உடல் திட்டுகள் ஆகிய எல்லாமே நிறமிச் செல் போய்ச் சேராத இடங்கள். கரு வளரும்போது இந்தச் செல்கள் முதுகுத் தண்டையொட்டிய பகுதியில் பிறந்து, அங்கிருந்து இருபக்கமும் பயணப்பட்டு உடல் முழுக்கப் பரவுகின்றன. நெற்றி, மூக்கு நுனி, வயிற்றின் நடு, கால் குளம்பு ஆகியவை பயணத்தின் கடைசி எல்லைகள். செல்கள் குறைந்தாலோ தாமதித்தாலோ முதலில் வெறுமையாவது அவைதான். ஆகவே வெள்ளைக் குறிகள் பெரும்பாலும் குதிரையின் முகத்திலும் காலிலும் வருவது தற்செயலன்று. ஐஸ்லாந்தில் இந்த ஒவ்வொரு குறிக்கும் தனிப்பெயர் உண்டு. குதிரைகளுக்கே அதை வைத்துப் பெயரிடுவார்கள். முகத்தில் வெள்ளைப் பட்டை உள்ளது பிளேசி, உடலில் பெரிய திட்டுள்ளது ஸ்க்யோனி.

அங்கே திட்டுக் குதிரைகளில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகையில் வெண்மை முதுகின்மேல் குறுக்கே பாய்ந்து இறங்கும், கால்கள் வெண்மை, தலை மட்டும் பெரும்பாலும் நிறத்தோடு இருக்கும். கிட் என்ற மரபணுவுக்கு அருகே 3ஆம் குரோமோசோமின் பெரிய துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியதால் இது வருகிறது. கிட் மரபணு நிறமிச் செல்களின் பயணத்துக்கும் பிழைப்புக்கும் இன்றியமையாதது. ஒரு பிரதி போதும், திட்டு வந்துவிடும், உடல்நலத்துக்குக் கேடில்லை. இரண்டாம் வகை கீழிருந்து மேலே ஏறும்: குதிரையைப் பாலில் முக்கி எடுத்தது போலக் கால்களும் வயிறும் முகமும் வெளுத்து, முதுகு மட்டும் நிறத்தோடு நிற்கும், கண் நீலம். இதன் வேர் எம்ஐடிஎஃப் என்ற மரபணுவில் இருப்பது 2012இல் தெரியவந்தது. நிறமிச் செல் என்னும் ஒரு செல்வகை உருவாவதற்கே ஆணை தருவது இந்த மரபணு. உள்காதிலும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புச் சைகையாக்கத் தேவையான திரவத்தின் சமநிலையை அவை காக்கின்றன. அவை போய்ச் சேராவிட்டால் செவி கேளாது. இந்த வகைக் குதிரைகள் சில செவிடாகப் பிறப்பதன் காரணம் இதுதான். முகமெல்லாம் வெளுத்து நீலக்கண்ணோடு நிற்கும் குதிரையைப் பயிற்றுவிப்பவர் குரலை நம்பாமல் தொடுகையையும் உடலசைவையும் நம்பிப் பழக்குவது நல்லது.

ஐஸ்லாந்துக்கே உரிய பெருமை என்று அங்குள்ளோர் காட்டுவது வேறொன்று: பருவந்தோறும் நிறம் மாறும் குதிரை. நிற மயிரும் வெண்மயிரும் கலந்தே வளரும் உடல். தலையும் முன்கால், பின்கால்களின் கீழ்ப்பகுதியும் அடர்நிறம். குளிர்கால மயிர் உதிரும் வசந்தத்தில் உடல் வெளிறி வெள்ளி போலத் தெரியும். மாதங்கள் செல்லச் செல்ல அடர்நிறம் மேலோங்கும். அடுத்த வசந்தத்தில் மறுபடியும் வெளிறும். இந்த நிறம் அங்கே மிக அரிதாகிவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்றே சிலர் அத்தகைய ஆண் குதிரைகளைத் தேடிப்போய்த் தங்கள் பெண் குதிரைகளுக்குச் சேர்க்கிறார்கள்.

நரைக்கும் குதிரை இதிலிருந்து வேறுபட்டது. எந்த நிறத்தில் பிறந்தாலும் ஆண்டுக்காண்டு வெளுத்து, கடைசியில் வெள்ளைக் குதிரையாக நிற்கும். தோல் மட்டும் கருப்பாகவே இருக்கும். எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவில் சுமார் 4,600 எழுத்துகள் இரட்டித்ததே காரணம் என்று 2008இல் ஆண்டர்சன் குழு கண்டது. உலகின் நரைக் குதிரைகள் எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து இதைப் பெற்றவை. நிறமிச் செல்கள் அளவுமீறித் தூண்டப்பட்டு மயிர் வேரில் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன. தோலிலோ பெருகிக் கட்டிகளாகின்றன. 15 வயதைத் தாண்டிய நரைக் குதிரைகளில் பெரும்பாலானவற்றில் மெலனோமா கட்டி காணப்படுவது உலகெங்கும் கால்நடை மருத்துவர் அறிந்தது. வால் அடியையும் உதட்டையும் அவ்வப்போது தடவிப் பார்ப்பது அந்தக் குதிரையை வைத்திருப்பவரின் கடமை.

இத்தனையையும் வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. நிறம் மேற்பூச்சன்று. கண், காது, தோல், எலும்பு ஆகியவற்றைக் கட்டும் மரபணுக்களே நிறத்தையும் கட்டுகின்றன.

அப்படியானால் குதிரையின் நடையைக் கட்டுவது எது? ஐஸ்லாந்துக் குதிரையை உலகம் விரும்புவது நிறத்துக்காக அல்ல, நடைக்காக. மற்றக் குதிரைகளுக்குள்ள நடை, ஓட்டம், பாய்ச்சல் ஆகியவற்றோடு இதற்கு டோல்ட் என்ற நான்கு தாள நடை உண்டு. எப்போதும் ஏதாவதொரு கால் தரையில் இருப்பதால் முதுகு குலுங்காது. நிரம்பிய கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சிந்தாமல் ஓட்டிக்காட்டும் போட்டியே நடக்கிறது. ஐந்தாவதாகச் சில குதிரைகளுக்கு மட்டும் ஸ்கெய்த் என்ற பறக்கும் நடை கைவரும். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்தே முன்னே வீசும். நான்கு நடைக் குதிரைகளையும் ஐந்து நடைக் குதிரைகளையுமாக 70 ஐஸ்லாந்துக் குதிரைகளை ஒப்பிட்டு, 2012இல் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவை உப்சாலா குழு அடையாளம் கண்டது. முதுகுத் தண்டில் இடது வலது கால்களை ஒருங்கிணைக்கும் நரம்புச் செல்களில் அது வேலை செய்கிறது. ஓரெழுத்து மாறியதால் புரதம் பாதியில் அறுந்துவிடுகிறது. அந்த அறுபட்ட வடிவம் இரு பிரதியிலும் இருந்தால் பறக்கும் நடைக்கு வழி திறக்கிறது.

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் கிடைத்திருக்கிறது. 2016இல் பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது, இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் குதிரைகளில் அது இருந்தது. 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான ஐஸ்லாந்து எலும்புகளில் மிகப் பரவலாக இருந்தது. அதே காலத்து ஐரோப்பியப் பெருநில எலும்புகளில் காணவில்லை. பிரிட்டனில் கொள்ளையும் வாணிபமும் செய்த வைக்கிங்குகள் நல்ல நடைக் குதிரைகளை அங்கிருந்து ஏற்றிச் சென்றார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். பாதையில்லாத நாட்டில் வாழப்போகிறவர்கள் குலுங்காத முதுகைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

நிறங்கள் ஏன் பிழைத்தன என்ற கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அந்தத் தீவின் விவசாயி குதிரையின் நடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், குளிர் தாங்குமா என்று பார்த்தார். நிறத்தை வைத்து எதையும் கழிக்கவில்லை. அதே நேரம் நிறத்தைக் கூர்ந்து கவனிக்க அவருக்குக் காரணம் இருந்தது. கோடையில் மந்தைகள் வேலியில்லாத மேட்டு நிலங்களில் கலந்து மேயும். செப்டம்பரில் எல்லாவற்றையும் திரட்டிக் கொண்டுவந்து பொதுத்தொழுவத்தில் அடைத்து அவரவர் குதிரையைப் பிரித்தெடுப்பார்கள். வடக்கே ஸ்காகாஃப்யோர்த்துரில் லாவ்ஃப்ஸ்காலா தொழுவத்தில் இன்றும் அந்தத் திரட்டல் பெரும் விழாவாக நடக்கிறது. காதில் வெட்டிய குறியை அருகில் போய்த்தான் பார்க்க முடியும். தூரத்திலிருந்தே இனங்காட்டுவது நிறமும் சுட்டியும். பல நிறம் இருப்பது அவருக்கு வசதி.

ஆனாலும் அந்தப் பன்மை ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போனது. 1783 ஜூன் 8ஆம் நாள் லாகி எரிமலைப் பிளவு வாய் திறந்தது. எட்டு மாதம் கக்கியது. ஃபுளோரின் படிந்த புல்லைத் தின்ற விலங்குகளின் பற்களும் எலும்புகளும் சிதைந்தன. நாட்டின் கால்நடைகளில் பாதிக்கும் மேல் மடிந்தன. பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். இத்தகைய அழிவில் முதலில் தொலைவது அரிதான மரபணுக்கள்தான். எந்தெந்த நிறங்கள் அப்போது அற்றுப்போயின என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எஞ்சியவற்றிலிருந்து பெருகியவையே இன்று தீவில் உள்ள 70,000க்கும் மேற்பட்ட ஐஸ்லாந்துக் குதிரைகள். மனிதர்களோ நாலு லட்சத்துக்குக் குறைவு. தீவுக்கு வெளியே ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடன் முதலிய நாடுகளில் வளர்பவை இவற்றைவிட அதிகம்.

அவை எல்லாவற்றையும் இணைப்பது வேர்ல்ட்ஃபெங்குர் என்ற வம்சாவளித் தரவுத்தளம். ஒவ்வொரு குதிரைக்கும் அதில் நிறத்துக்கென எண் குறியீடு உண்டு. இனத்தின் அதிகாரபூர்வ வளர்ப்பு நோக்கத்திலேயே எல்லா நிறங்களையும் காக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நிறத்துக்கு மதிப்பெண் கிடையாது. இந்த முடிவை நான் முழுமனதோடு பாராட்டுகிறேன். உலகில் எத்தனையோ நாய், மாடு, குதிரை இனங்கள் ஒரு நிறத்தை மட்டும் தூய்மை என்று வைத்து மற்றதைக் கழித்ததால் தங்கள் மரபணு வளத்தைத் தாங்களே சுருக்கிக்கொண்டிருக்கின்றன.

மூடிய கதவுக்கு ஒரு விலையும் இருக்கிறது. குதிரையைக் கடிக்கும், கொசு போன்ற சிறு பூச்சியினமான குலிக்காய்டிஸின் தொல்லை தீவில் நெடுங்காலம் இல்லாததால், அங்கே பிறந்து வளர்ந்த குதிரையின் உடலுக்கு அது பழக்கமில்லை. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானபின், அந்தப் பூச்சி மிகுந்த இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கடும் தோல் அரிப்புக்கு ஆளாகின்றன. பிடரியும் வாலடியும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிவிடும். வெளிநாட்டிலேயே பிறந்த ஐஸ்லாந்துக் குதிரைகளில் இது மிகக் குறைவு. தீவுக்குள் இருப்பவற்றுக்கோ வேறு கவலை. குதிரைக் காய்ச்சல் முதலிய பல தொற்றுகளை அவை கண்டதே இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. 2010இல் ஒரு சுவாசத் தொற்று தீவு முழுக்கப் பரவியது. சாதாரணமாகக் கவனிக்கப்படாமலே போயிருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா வகைதான் காரணம். அந்த ஆண்டு நடக்கவிருந்த தேசியக் குதிரைத் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது, ஏற்றுமதியும் நின்றது.

ஐஸ்லாந்துக்குப் பயணம் போகும் தமிழர் உண்டு. குதிரைச் சவாரி அவர்களில் பலரின் திட்டத்தில் இருக்கலாம். வேறு நாட்டில் குதிரையிடம் பயன்படுத்திய சேணம், கடிவாளம், சாட்டை, தோல் கையுறை எதையும் எடுத்துச் செல்லாதீர்கள்; தொற்றைத் தடுக்கும் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. முன்பு வேறிடத்தில் சவாரிக்கு அணிந்த உடையும் காலணியும் இருந்தால் நன்றாகத் துவைத்து, கிருமி நீக்கி, உலர்த்திய பிறகே கொண்டுபோங்கள். முடிந்தால் அங்கேயே வாடகைக்கு வாங்கி அணியுங்கள். பல சவாரி நிலையங்களில் கிடைக்கும்.